ஒரே கம்பியில் மூன்று வீடு

பியோரியா
மார்ச் 8, 1955

அன்புள்ள இர்மா,

வந்து இரண்டு மாதம் ஆகப் போகிறது, இன்றுதான் பேனாவை எடுக்கக் கை ஒழிந்தது. ஆர்னியின் அம்மா வீட்டு மாடியில் எங்களுக்கு இரண்டு அறை. சமையலறை கீழே, அது அவருடைய ராஜ்ஜியம். நான் அடுப்பைப் பற்றவைத்தால் பின்னாலேயே வந்து தீயைக் குறைத்துவிட்டுப் போகிறார். வாயைத் திறந்து ஏதாவது சொன்னால்கூடத் தேவலை. மகள் ஜூடிக்குத் தனி அறை கிடையாது, படியோரத்தில் ஒரு கட்டிலை விரித்துப் படுக்கிறாள்.

கிளிக்கும் இங்கே மரியாதை இல்லை. பெப்பி இன்னும் என் குரலிலேயே "ஆர்னி, ஷூவைக் கழட்டு! ஆர்னி, ஷூவைக் கழட்டு!" என்று கத்திக்கொண்டிருக்கிறான். தன் மகனை ஒரு பறவை அதட்டுவது மாமியாருக்குப் பொறுக்கவில்லை. கூண்டின்மேல் எப்போதும் ஒரு துண்டைப் போட்டு மூடிவைக்கிறார்.

நம் கார்டினல் லேன் தெருவை நினைக்காத நாள் இல்லை. போன ஆகஸ்டில்தான் என் சமையலறைக்கு மஞ்சள் வர்ணம் அடித்தேன். காலை வெயில் அந்தச் சுவரில் விழும்போது பார்த்துக்கொண்டே காபி குடிப்பேன். அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை.

ஒன்று கேட்கவேண்டும், சும்மாதான். தெருவில் எங்கள் பக்கச் சாரியில் ஏதாவது வேலை தொடங்கியிருக்கிறதா? அளக்கிற ஆட்கள் யாராவது வந்தார்களா? புல்டோசர், லாரி என்று வந்தால் எதிரில் இருக்கிற உனக்குத்தான் தூசி. அதனால் கேட்டேன்.

உன் பிள்ளை கென்னிக்கு என் அன்பு.

நடீன்


எல்ம் ரிட்ஜ்
மார்ச் 15, 1955

அன்புள்ள நடீன்,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வண்டியேறினாய். அடுப்புத் தீயைக் குறைக்க இத்தனை சுறுசுறுப்பாக ஓடிவருகிறார் என்றால் நல்ல முன்னேற்றம்தான்.

புல்டோசரா? நம் தெருவிலா? இங்கே எவனாவது வந்து குனிந்து எதையாவது பார்த்தான் என்றால் அது மீட்டர் பார்க்கிறவன்தான். என்ன வேலை, எதற்கு அளப்பது, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உனக்கு யார் சொன்னார்கள்?

உன் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். என் பெரிய ஜன்னலுக்கு நேரே இருக்கிறது, பார்க்காமல் இருக்க முடியுமா? அதை வாங்கிய லுண்ட் குடும்பம் நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது. அவருக்குத் தீயணைப்பு நிலையத்தில் வேலை. மூன்று பிள்ளைகள், மூன்றும் கத்தல். உன் ரோஜாப் பாத்தியை வெட்டி எடுத்துவிட்டு ஊஞ்சல் போட்டிருக்கிறார்கள். சமையலறைக்கு இப்போது பச்சை வர்ணம். அந்த அம்மா என்னிடம், "மஞ்சளைப் பார்த்தாலே எனக்குத் தலை வலிக்குதுங்க"ன்னு சொன்னாள். உனக்கு வருத்தமாக இருக்கும் என்று சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் அக்கம்பக்கத்தில் இருந்தவர்களுக்குள் ஒளிவுமறைவு எதற்கு?

பக்கத்து வீட்டு மாவிஸ் உன்னை விசாரித்தாள். புதன்கிழமைக் காபி வழக்கம்போல நடக்கிறது.

இர்மா


பியோரியா
மார்ச் 24, 1955

அன்புள்ள இர்மா,

ரோஜாவை வெட்டியதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, துவைக்க வேண்டாத துணியையெல்லாம் எடுத்துத் துவைத்தேன்.

யார் சொன்னார்கள் என்று கேட்டிருந்தாய். சரியாக நினைவில்லை. ஆர்னி முடிவெட்டப் போன இடத்தில் பேசிக்கொண்டதாகச் சொன்னார். சர்ச்சிலும் யாரோ சொன்னார்கள் என்று நினைக்கிறேன். சிகாகோவிலிருந்து ஒரு நெடுஞ்சாலை வருகிறது, அது கார்டினல் லேனில் எங்கள் சாரிமேல்தான் போகிறது, இரட்டை எண் வீடுகள் எல்லாம் போய்விடும் என்று பேச்சு. சர்க்கார் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு போகவேண்டியதுதானாம்.

உனக்குத் தெரியவில்லை என்றால் இன்னும் வெளியே விடவில்லை என்றுதான் அர்த்தம். இந்த மாதிரி விஷயங்கள் கடைசி நிமிஷம்வரை மூடித்தான் வைத்திருப்பார்கள். கோடைக்குள் தொடங்கிவிடுவார்கள் பார். தொடங்காமல் இருக்க முடியாது. ஆர்னி நான் சொன்னதைக் கேட்டுத்தான் வந்த முதல் ஆளுக்கு வீட்டைக் கொடுத்தார். இப்போது விடியுமுன் எழுந்து ரயிலில் வேலைக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு அதிகம் பேசுவதில்லை.

பேப்பரில் ஏதாவது வந்தால் வெட்டி அனுப்பு.

நடீன்


எல்ம் ரிட்ஜ்
ஏப்ரல் 2, 1955

அன்புள்ள நடீன்,

உனக்காக அலைந்தேன். கென்னிக்கு முடிவெட்டப் போனபோது அந்தக் கடைக்காரரையே கேட்டேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "ரோடா? ஆர்னி எங்கிட்ட பேஸ்பால் தவிர வேற எதையும் பேசினதில்லையேம்மா"ன்னார். பாதிரியாரின் மனைவியைக் கேட்டேன், அவருக்கும் ஒன்றும் தெரியாது. நகரசபை ஆபீஸ் ஜன்னலில் நின்றுகூடக் கேட்டேன். அங்கிருந்த பையன் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று பார்த்தான்.

ஆக, கடைக்காரரும் இல்லை, சர்ச்சும் இல்லை. பின்னே யார்தான் சொன்னது?

இன்னொன்றும் என் மனசை உறுத்துகிறது. இடிக்கப் போகிற வீடு என்று தெரிந்துகொண்டா லுண்ட் தலையில் அதைக் கட்டினாய்? அவர்கள் வீட்டைப் பேசி முடித்த அன்று ஆப்பிள் பை பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு நீ உன் புல்வெளியைத் தாண்டி அவர்கள் காருக்குப் போனதை என் கண்ணால் பார்த்தேன். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி உனக்கு நன்றி சொன்னார். மூன்று பிள்ளைகளும் அந்தப் பலகாரத்தைத் தின்றன. எப்படி நடீன் முடிந்தது உன்னால்?

பதில் எழுது. இந்த முறை உண்மையை எழுது.

இர்மா


பியோரியா
ஏப்ரல் 12, 1955

இர்மா,

எழுதிவிடுகிறேன். எழுதாமல் தூக்கம் வரப்போவதில்லை.

உன் வீடு, என் வீடு, மாவிஸ் வீடு, மூன்றுக்கும் ஒரே டெலிபோன் லைன், ஒருத்தி பேசும்போது இன்னொருத்தி ரிசீவரை எடுத்தால் எல்லாம் காதில் விழும். நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கறிக்கடைக்குச் சொல்லலாம் என்று ரிசீவரை எடுத்தேன். நீ உன் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாய். அப்போதே வைத்திருக்கவேண்டும், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். வைக்கப் போனேன், அதற்குள் உன் அக்கா பெர்னிஸ் கார்டினல் லேன் என்று சொன்னது காதில் விழுந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

அவள் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை எனக்கு மனப்பாடம். "மேப்பு எங்க ஆபீசுக்கே வந்துடுச்சு இர்மா, வீட்டு லிஸ்டை நானே டைப் அடிச்சேன். உன் எதிர்சாரியில ஒரு வீடு மிஞ்சாது. உங்க சாரி தப்பிச்சுது. யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதே, என் வேலை போயிடும்." நீ, "ஐயோ பாவம் நடீன்" என்றாய். அந்த 'ஐயோ பாவம்' கேட்டுத்தான் நான் நம்பினேன்.

லுண்ட் விஷயத்தில் எனக்கு வாயில்லை. ஜூடியைப் பார்த்தேன், ஆர்னியைப் பார்த்தேன், வேறு யாரையும் பார்க்கவில்லை. ஆப்பிள் பலகாரம் சுட்டது வெட்கத்தில்தான்.

ஒட்டுக்கேட்டதற்கு மன்னித்துவிடு. அடுத்தவர் பேச்சை நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். இப்போது பெர்னிஸிடம் கேட்டு ஒரு வரி எழுது. ரோடு எப்போது வருகிறது?

நடீன்


எல்ம் ரிட்ஜ்
ஏப்ரல் 20, 1955

நடீன்,

ரோடு வரவில்லை. வரப்போவதும் இல்லை. பெர்னிஸ் ஒரு தொப்பிக் கம்பெனியில் டைப் அடிக்கிறாள். அவள் ஆபீசுக்கு வருகிற மேப்பு எல்லாம் இறகும் ரிப்பனும்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளுக்கு ஓய்வு, அதனால் அந்த நேரம். நான்கு வெள்ளிக்கிழமை அதையே பேசினோம், நீ ரிசீவரை எடுக்கிற சத்தம் கேட்கும்வரை. அந்த 'ஐயோ பாவ'த்துக்கு நான் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். தெரியாததுபோல நடிப்பாய் என்பதால் சொல்கிறேன்.

ஆகஸ்டில் கென்னிக்குக் காய்ச்சல் கண்டது. கழுத்து வலிக்கிறது, கால் வலிக்கிறது என்றான். அந்தக் கோடையில் அந்த இரண்டு வார்த்தையைக் கேட்ட எந்தத் தாய்க்கு இளம்பிள்ளை வாதம் நினைவுக்கு வராது? டாக்டருக்குப் போன் செய்தேன். நான் அழுதுகொண்டு சொல்லும்போது லைனில் உன் கிளி கத்தியது. "ஆர்னி, ஷூவைக் கழட்டு!" அவ்வளவு தெளிவாக. நீ ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாய் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஒரே ஒரு நாள்தான் கேட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, கை கூசவில்லையா?

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க இளம்பிள்ளை வாதம் என்று பரவிவிட்டது. பால்காரர் பாட்டிலைத் தெருவோரத்திலேயே வைத்துவிட்டுப் போனார். என் புல்வெளி ஓரத்தில் நடந்த பிள்ளைகளைக் கையைப் பிடித்து எதிர்சாரிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அது வெறும் தொண்டைப் புண். டாக்டர் வந்து பார்த்துச் சொன்னார், மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நான் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொன்னேன். எல்லோரும் கதவுக்குப் பின்னால் நின்று தலையாட்டினார்கள்.

அதே மாதக் கடைசியில் அவன் பிறந்தநாள் வந்தது. தோட்டத்தில் மேசை போட்டு, பேர் எழுதிய காகிதத் தொப்பி ஒவ்வொரு நாற்காலியிலும் வைத்தேன். மூன்றடுக்கு கேக். ஒருத்தரும் வரவில்லை. உன் ஜூடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், நீ அவளைப் பின்னால் இழுத்துத் திரையைப் போட்டாய். கென்னி ஜூடியின் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "அவங்கல்லாம் வேற நாள்னு நினைச்சுட்டாங்களாம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். வெயிலில் க்ரீம் உருகி மேசைத் துணியில் வடிந்தது. அவன் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்தே இருந்தான்.

அன்றைக்குத்தான் தீர்மானித்தேன், இந்த ஜன்னலுக்கு எதிரே நீ இருக்கக்கூடாது என்று. உன் காதாலேயே உன்னைக் கிளப்பினேன். நான் ஒரு வார்த்தைகூட உன்னிடம் பொய் சொல்லவில்லை, கவனித்தாயா? நீயாக எடுத்துக்கொண்டதுதான்.

இப்போது இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பூசி வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள், கென்னிக்கு முன்னும் பின்னும் நெருக்கிக்கொண்டு. லுண்ட் வீட்டார் டெலிபோன் வாங்கவில்லை. லைனில் நானும் மாவிஸும்தான். மாவிஸ் என் உயிர். ஒட்டுக்கேட்க ஆளில்லாமல் பேசுவது எவ்வளவு நிம்மதி தெரியுமா?

உன் மாமியாருக்கு என் வணக்கம்.

இர்மா


பியோரியா
ஏப்ரல் 27, 1955

இர்மா,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எழுத்தில் படிப்பது போதவில்லை. இதை உன் வாயால் கேட்கவேண்டும். அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய்கிறேன். எடு. நான் அழுவதைக் கேட்க உனக்கும் ஆசையாகத்தானே இருக்கும்.

நடீன்


எல்ம் ரிட்ஜ்
மே 19, 1955

நடீன்,

யாருக்கு எழுதினாய்? என்ன எழுதினாய்?

போனில் நீ அழவே இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். கிளிப்பிள்ளை மாதிரி அதையே கேட்டுக்கொண்டிருந்தாய். "அப்ப ரோடே கிடையாதா? இன்னொரு தடவை சொல்லு இர்மா." நானும் சொன்னேன், ஆசைதீரச் சொன்னேன். "தெருவுல மத்தவங்களுக்குத் தெரியுமா? மாவிஸுக்குமா தெரியாது?" என்று கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாவிஸா? நிலா விழப்போகுதுன்னு சொன்னா குடையைத் தூக்கிட்டு ஓடறவ அவ. நான் நினைச்சா ஒரே ஒரு போன்ல இந்தத் தெருவையே காலி பண்ணிடுவேன்" என்றேன். சந்தோஷத்தில் வாய் நீண்டுவிட்டது. உன்னிடம்தானே சொன்னேன், கேட்க வேறு யார் இருந்தார்கள்?

சனிக்கிழமை மாவிஸ் புல் வெட்டிக்கொண்டிருந்தாள். எப்போதும் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் கோடு தெரியாமல் சேர்த்து வெட்டுவாள். அன்றைக்கு நூல் பிடித்ததுபோல எல்லையோடு நிறுத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். பேசப் போனேன். இயந்திரச் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று கையைக் காட்டினாள். இயந்திரத்தை அவள் நிறுத்தவே இல்லை.

நேற்றுப் புதன்கிழமைக் காபி என் முறை. நல்ல கோப்பைகளை எடுத்துவைத்து, எலுமிச்சை கேக் செய்து, காபியையும் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஒருத்தி வரவில்லை. மாவிஸ் வீட்டு வாசலில் எல்லோருடைய கார்களும் நின்றன. லுண்ட் வீட்டு அம்மாகூட அங்கே போனாள், உன் பழைய வாசற்படியில் இறங்கி, என் ஜன்னலைப் பார்க்காமல். காபி ஆறி மேலே ஆடை கட்டுகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தேன். கென்னி பள்ளியிலிருந்து வந்து மேசையைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை நடீன். அவன் ஒன்றும் கேட்காமல் உள்ளே போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீதான் எழுதியிருக்கிறாய். என் கடிதத்தையே அனுப்பினாயா? மறைக்காமல் சொல்.

இர்மா


பியோரியா
மே 26, 1955

திருமதி இர்மா வாசெக் அவர்களுக்கு,

நான் யாருக்கும் ஒரு வரிகூட எழுதவில்லை. உங்களைப் போலவே நானும் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. நீங்களாகச் சொன்னதுதான், அவர்களாகக் கேட்டுக்கொண்டதுதான்.

போன ஆகஸ்டில் நான் சமையலறைக்கு வர்ணம் அடித்தேன் என்று என் முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். வர்ண வாடை பட்டால் கூண்டுப் பறவை செத்துவிடும். கிளி வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது. வாடை போகிறவரை பெப்பியை மாவிஸ் வீட்டில் விட்டிருந்தேன். அவள் கூண்டைச் சமையலறையில் டெலிபோனுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். நீங்கள் காய்ச்சல்காரப் பிள்ளையோடு உள்ளேயே கிடந்தீர்கள், அதனால் பார்க்கவில்லை. நீங்கள் டாக்டரிடம் அழுதபோது கிளி கத்தியது மாவிஸின் காதுக்குப் பக்கத்தில்.

சாயங்காலம் கிளித் தீனி வாங்கிப்போக வந்தவள் என் வாசற்படியில் நின்று, "வாசெக் வீட்டுப் பக்கம் ஜூடியை விட்டுடாதே, போலியோவாம்"னு சொன்னாள். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பயத்தில்தான் பிறந்தநாளன்றும் ஜூடியை உள்ளே இழுத்துத் திரையைப் போட்டேன். அது என் குற்றம். அதற்கு நீங்கள் என்னை என்ன திட்டியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் பரப்பியது நான் இல்லை. நவம்பரில் உங்கள் வலையில் மாவிஸ் விழாததற்கு ஒரே காரணம், வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் அழகு நிலையத்தில் தலைமேல் முடி உலர்த்தியைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்பதுதான்.

மற்ற நாட்களில் பத்து மணிக்கு அவள் காபிக் கோப்பையோடு டெலிபோன் பக்கத்தில் உட்காருவாள். அந்த நேரத்தில்தான் நான் போன் செய்தேன். நீங்கள் பேசத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் லைனில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது, ரிசீவரை மெதுவாக எடுக்கிற சத்தம். சந்தோஷத்தில் நீங்கள் கவனிக்கவில்லை. நான் அதற்குத்தான் காத்திருந்தேன். அது கேட்டபிறகுதான் ரோடு கிடையாதா என்று இன்னொரு தடவை கேட்டேன். அதற்கப்புறம்தான் மாவிஸ் பேச்சையே எடுத்தேன்.

இதனால் என் வீடு எனக்குத் திரும்பாது. ஆர்னியும் என்னை மன்னிக்கப் போவதில்லை. இதை எழுதும்போதே மாமியார் கீழே அடுப்பைக் குறைக்கிற சத்தம் கேட்கிறது. இருந்தாலும் இரண்டு வாரமாகப் பெப்பியின் கூண்டுத் துண்டை எடுத்து வைத்திருக்கிறேன், அவர் ஒன்றும் சொல்லத் துணியவில்லை. என் முகத்தில் எதையோ பார்த்திருப்பார்.

நம் தெருவில் வேலி போடக்கூடாது என்பது விதி. உங்கள் உயிரான மாவிஸ் உங்கள் புல்லைத் தொட்டுக்கொண்டு இனி காலமெல்லாம் இருப்பாள்.

ஆகஸ்டில் ஜூடி கென்னிக்குத் தபாலில் ஒரு பரிசு அனுப்புவாள். அவன் என்ன செய்தான் பாவம். கேக்கை மட்டும் இந்த முறை சின்னதாகச் செய், இர்மா.

நடீன் ஹல்பர்ட்